பறவை வேட்டை நாயைப் பழக்குவது எப்படி: குட்டி வந்த நாளில் இருந்து முதல் சீசன் வரை

புல்லுக்குள் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்த நாய், எடுத்த காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுவிடும். திறந்திருந்த வாய் மூடிக்கொள்ளும். வால் விறைக்கும். மூக்கு மட்டும் காற்றைப் பிடித்து நுணுக்கமாக அசையும். நாலு மீட்டர் தள்ளிப் புல்லடியில் ஒரு காடைக் கூட்டம் பதுங்கியிருப்பது அதற்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. நீங்கள் நடந்து போய்ப் பறவைகளைக் கிளப்பும் வரை அது அசையக் கூடாது. இதைத்தான் பாயின்ட் என்கிறார்கள்.

இதில் எது பிறவியில் வந்தது, எது நாம் பழக்கியது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எந்த வேட்டை விலங்கும் இரை மேல் பாய்வதற்கு முன் ஒரு நொடி நிதானிக்கும். அந்த ஒரு நொடியைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்து நீட்டியதுதான் பாயின்ட். ஆகவே தேடுவது, மோப்பம் பிடிப்பது, சுட்டி நிற்பது மூன்றையும் உங்களால் சொல்லித்தர முடியாது. பறவைகள்தான் அவற்றை வெளியே கொண்டுவரும். கூப்பிட்டால் வருவது, பறவை எழுந்த பிறகும் நிற்பது, வெடிச்சத்தம் கேட்டும் நிற்பது, சுட்டு விழுந்ததைக் கசக்காமல் கொண்டுவந்து கையில் தருவது, இவைதான் நம் வேலை.

முதலில் பறவை, பிறகு கட்டுப்பாடு. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நாலு மாதக் குட்டியை ராணுவ வீரனைப் போல் நிற்கப் பழக்கிவிட்டு, எட்டாம் மாதம் பறவையைக் காட்டினால், "இதைத் தொடலாமா கூடாதா" என்று அது நம் முகத்தைப் பார்க்கும். என் முதல் நாயை நான் கெடுத்த வழிகளில் இதுவும் ஒன்று. இன்னொன்றைத் துப்பாக்கி பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

எந்த வகை நாய்?

தரைப்பறவை வேட்டைக்கு இரண்டு விதமான நாய்கள் உண்டு. பாயின்டர், செட்டர், பிரிட்டனி, ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டர், விஸ்லா போன்றவை பறவையைக் கண்டுபிடித்து நிற்கும், எழுப்பும் வேலை நம்முடையது. ஸ்பிரிங்கர் ஸ்பானியல், காக்கர், லாப்ரடார் போன்றவை நிற்காது. புதருக்குள் புகுந்து பறவையைத் தாமே கிளப்பிவிடும். முதல் வகை நூறு இருநூறு மீட்டர் தள்ளியும் தேடலாம், ஏனென்றால் கண்டுபிடித்தால் காத்திருக்கும். இரண்டாவது வகை எப்போதும் துப்பாக்கியின் எல்லைக்குள், அதாவது இருபது முப்பது மீட்டருக்குள் இருந்தாக வேண்டும்.

செட்டர் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சிறு குண்டுகளைச் சிதறவிடும் ஷாட்கன் துப்பாக்கி பரவலாவதற்கு முன் பறவைகளை வலை வீசித்தான் பிடித்தார்கள். நாய் பறவையைக் கண்டதும் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ள வேண்டும், வலை அதன் தலைக்கு மேலேயே போய் விழும். இன்றும் சில செட்டர்கள் பாயின்ட் பிடிக்கும்போது பாதி குனிந்து நிற்பதைப் பார்க்கலாம்.

எந்தப் பறவையைத் தேடப் போகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். பாப்வைட் காடை கூட்டமாகப் பதுங்கி நாய்க்கு நன்றாக இடம் கொடுக்கும். கோழி இனத்தைச் சேர்ந்த ஃபெசன்ட் ஓடும். 1881-இல் சீனாவில் இருந்து அமெரிக்காவின் ஒரிகானுக்குக் கொண்டுபோய் விட்ட பறவை அது. அங்கே பெருகிய நாளில் இருந்து பாயின்டர்காரர்களைப் புலம்பவைத்துக்கொண்டே இருக்கிறது. நாய் இங்கே நிற்க, பறவை வரப்போடு ஓடி எண்பது மீட்டர் தள்ளி எழும். ஃபெசன்ட் மட்டும்தான் உங்கள் இலக்கு என்றால் ஸ்பிரிங்கர் ஒன்றும் மோசமான முடிவில்லை.

குட்டியைப் பார்த்து எடுப்பதைவிடத் தாய் தகப்பனைப் பார்த்து எடுங்கள். இரண்டும் வேட்டையில் வேலை செய்யும் நாய்களா என்று நேரில் பாருங்கள். எட்டு வாரக் குட்டி கயிற்றில் கட்டிய இறகைப் பார்த்து நிற்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எல்லாக் குட்டியும் நிற்கும்.

எட்டு வாரம் முதல் நாலு மாதம் வரை: விளையாட்டு மட்டும்

மூன்றாவது வாரத்தில் இருந்து சுமார் பன்னிரண்டு, பதினாலு வாரம் வரை குட்டி எதைப் பார்க்கிறதோ அதை உலகத்தின் பகுதியாக ஏற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகு புதிதாக எதைக் கண்டாலும் கொஞ்சம் சந்தேகம்தான். ஆகவே இந்தக் காலத்தில் பயிற்சி என்று எதுவும் வேண்டாம், அனுபவம் போதும். உயரப் புல், சேறு, ஆழமில்லாத ஓடை, முள் இல்லாத புதர், வண்டிப் பயணம், பலவிதமான மனிதர்கள். தடுப்பூசி முழுதாக முடியும் வரை மற்ற நாய்கள் அதிகம் புழங்கும் இடத்துக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம், நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ நோயின் வைரஸ் மண்ணிலேயே நெடுநாள் தங்கும்.

வயலில் நடக்கும்போது குட்டியை முன்னால் விட்டு, சத்தம் போடாமல் திசையை மாற்றுங்கள். சற்று நேரத்தில் அது திரும்பிப் பார்த்து உங்களைக் காணாமல் ஓடிவரும். பத்து நாள் இப்படிச் செய்தால், உங்கள் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே தேடும் பழக்கம் வந்துவிடும். பின்னால் எத்தனை விசில் ஊதினாலும் கிடைக்காத பழக்கம் இது.

கூப்பிடும் சொல்லை இப்போதே முடிவு செய்யுங்கள். ஆங்கிலத்தில் நிற்கச் சொல்ல 'வோ' என்பார்கள். அது 'நோ' மாதிரியே காதில் விழும் என்று பலரும் குறைப்படுவதுண்டு. தமிழில் பேசும் நமக்கு இன்னும் மோசம்: 'வா' என்றால் வர வேண்டும், 'வோ' என்றால் நிற்க வேண்டும், காற்றடிக்கும் வயலில் நூறு மீட்டர் தள்ளி நிற்கும் நாய் என்ன செய்யும்? 'வா', 'நில்' என்று வைத்துக்கொள்ளுங்கள். நாயின் பெயரும் இந்த இரண்டோடு ஒட்டாமல் இருக்கட்டும். 'வா' என்றதும் வந்தால் தின்பண்டமோ தடவலோ உண்டு. வந்த பிறகு ஒருபோதும் அடி, திட்டு கிடையாது, கடித்துக் குதறிய செருப்பு பக்கத்தில் கிடந்தாலும்.

வீட்டுக்குள் ஒரு நடைபாதை இருந்தால் கதவுகளைச் சாத்திவிட்டு, சுருட்டிய காலுறையை வீசுங்கள். குட்டி எடுத்துக்கொண்டு தன் படுக்கைக்குத்தான் போகப் பார்க்கும். வழியில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் உங்களிடம் வந்துதான் ஆக வேண்டும். வந்ததும் பிடுங்காதீர்கள். வாயில் வைத்திருக்கும்போதே நெஞ்சைத் தடவிக் கொடுத்துவிட்டு அப்புறம் வாங்குங்கள். மூன்று வீச்சுக்கு மேல் வேண்டாம். பால் பல் விழும் நாலு முதல் ஆறு மாதம் வரை இதை நிறுத்திவையுங்கள். வாய் வலிக்கும்போது இழுபறி செய்தால் எடுத்துவருவதையே வெறுத்துவிடும்.

நாலு முதல் எட்டு மாதம் வரை: பறவைகள்

இங்கே கஞ்சத்தனம் கூடாது. நாய் நூறு பறவையைப் பார்க்க வேண்டும் என்றால் பார்க்கத்தான் வேண்டும். காட்டுப் பறவைக்கு இணை எதுவும் இல்லை, ஏனென்றால் அதைப் பிடிக்க முடியாது. நெருங்கினால் பறந்துவிடும், அதிலேயே பாடம் அடங்கியிருக்கிறது. ஆனால் பறவைகள் கூடு கட்டும் காலத்தில் காட்டில் நாய் விடுவதற்குப் பல இடங்களில் தடை உண்டு. பயிற்சிக்கான உரிமம், வேட்டைச் சீசன், எந்தப் பறவையைச் சுடலாம் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும், முதலில் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

காட்டுப் பறவை கிடைக்காதபோது கைகொடுப்பது புறா. பறந்து தன் கூட்டுக்கே திரும்பிவிடும், மறுநாளும் பயன்படும். பண்ணையில் வளர்த்த காடை நாலடி பறந்து விழும் நோஞ்சானாக இருந்தால் வாங்காதீர்கள். குட்டி அதைப் பாய்ந்து பிடித்துவிடும். ஒரு தடவை பிடித்துவிட்டால், "நிற்பதைவிடப் பாய்வது லாபம்" என்று கற்றுக்கொள்ளும். அந்தப் பாடத்தை அழிக்க மாதக்கணக்கில் ஆகும்.

காற்றைப் படிக்கப் பழகுங்கள். கொஞ்சம் புல்லைக் கிள்ளிப் பறக்கவிட்டால் போதும். பறவையின் வாசனை அது இருக்கும் இடத்தில் குறுகலாகத் தொடங்கி, காற்று போகும் திசையில் புனல் மாதிரி விரிந்துகொண்டே போகும். நாயைக் குறுக்காக அந்தப் புனலுக்குள் நடத்திப் போகவேண்டும். காற்றுக்கு நேர் எதிரே கொண்டுபோனால் வெகு தூரத்தில் இருந்தே லேசான வாடையைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து போகும். குறுக்காகப் போனால் ஓர் அடியில் வாசனை இல்லை, அடுத்த அடியில் மூக்கில் அறையும். தலை சட்டென்று திரும்பும், உடல் வளைந்து நிற்கும். முதல் பாயின்ட் பெரும்பாலும் அப்படித்தான் வரும். காற்றே இல்லாத காய்ந்த மத்தியானத்தில் எந்த நாயும் முட்டாளாகத் தெரியும். காலையில், லேசான ஈரமும் மெல்லிய காற்றும் இருக்கும்போது பயிற்சி வையுங்கள்.

ரிமோட்டில் திறக்கும் பறவைப் பெட்டிக்கு லாஞ்சர் என்று பெயர். அதில் புறாவை வைத்து, புல்லால் மூடுங்கள். குட்டி எட்டு மீட்டர் நீளக் கயிற்றோடு வரட்டும். வாசனை பட்டு நின்றதா? ஒன்றும் பேசாதீர்கள். 'சபாஷ்' வேண்டாம், 'நில்' வேண்டாம். நிற்கும் வரை பறவை பெட்டிக்குள் இருக்கும். ஓர் அடி முன்னால் வைத்ததும் பொத்தானை அழுத்துங்கள், புறா பறந்துவிடும். துரத்தட்டும், இந்த வயதில் துரத்துவது ஆர்வத்தை வளர்க்கும். நாலைந்து நாளில் "நான் நகர்ந்தால் பறவை போய்விடுகிறது" என்று கணக்குப் போட ஆரம்பிக்கும். நிற்கும் நேரம் ஒரு நொடியில் இருந்து ஐந்தாகும், பத்தாகும்.

ஒரே எச்சரிக்கை: நாயின் மூக்கு பெட்டிக்கு மேலேயே இருக்கும்போது அழுத்திவிடாதீர்கள். ஸ்பிரிங் அறைகிற சத்தத்தில் குட்டி பறவை வாசனையையே கண்டு பயப்பட ஆரம்பிக்கும். பெட்டியின் சத்தத்தைத் தனியாக, தூரத்தில் வைத்து முதலிலேயே பழக்கிவிடுங்கள்.

வட அமெரிக்காவில் 1969-இல் தொடங்கிய நாவ்டா என்ற அமைப்பு நாய்களின் பிறவித் திறனுக்கென்று ஒரு தேர்வு நடத்துகிறது. பதினாறு மாதம் வரைதான் அனுமதி. மூக்கு, தேடல், தடம் பிடித்தல், தண்ணீர், பாயின்ட், ஆர்வம், ஒத்துழைப்பு ஆகியவற்றைத்தான் பார்க்கிறார்கள். பறவை பறந்த பின் நிற்கிறதா என்று அந்த வயதில் யாரும் கேட்பதில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

வெடிச்சத்தம்

என் முதல் நாய்க்கு ஐந்து மாதம் இருக்கும். களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடும் மைதானத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போனேன். "சத்தம் பழகட்டும்" என்று அனுபவசாலி ஒருவர் சொன்னார், நானும் நம்பினேன். முதல் வெடிக்கு உடம்பு குறுகியது. மூன்றாவது வெடிக்கு வண்டிக்கு அடியில் போய்விட்டது. இழுத்து வெளியே எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன், தைரியம் வரும் என்று. அதற்குப் பிறகு துப்பாக்கி உறையின் ஜிப் சத்தம் கேட்டாலே மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அது கடைசி வரை வேட்டைக்கு வரவே இல்லை.

வெடிக்குப் பயப்படும் நாய் அப்படியே பிறப்பது அபூர்வம், பெரும்பாலும் மனிதர்கள் உருவாக்குவதுதான். சரியான வழி இது. குட்டி பறவையைத் துரத்தும் வெறியில் இருக்க வேண்டும். உங்களுக்கு ஓர் உதவியாள் வேண்டும். அவர் நூறு மீட்டர் தள்ளி வெற்றுத் தோட்டா போட்ட சிறிய கைத்துப்பாக்கியோடு நிற்பார். புறா எழுந்து, குட்டி பின்னால் ஓடி, அதன் கவனம் முழுவதும் பறவையில் இருக்கும் அந்த நொடியில் ஒரே ஒரு வெடி, நாய்க்கு எதிர்த்திசையில். நீங்கள் நாயை மட்டும் பாருங்கள். காது ஆடவில்லை, ஓட்டம் குறையவில்லை என்றால் சரி, அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த முறை எண்பது மீட்டர், பிறகு அறுபது. தலையைத் திருப்பினாலோ வேகம் தளர்ந்தாலோ மறுபடி நூறுக்கே போங்கள், ஒரு வாரம் விட்டுவிட்டுத் தொடங்குங்கள். வெற்றுத் தோட்டா பக்கத்தில் பழகிய பிறகு, இருபது காஜ் ஷாட்கன் மீண்டும் தூரத்தில் இருந்து (காஜ் என்பது குழல் அளவு, எண் குறைந்தால் குழல் பெரிது). அதற்கப்புறம்தான் பன்னிரண்டு காஜ்.

பறவை கண்ணில் இல்லாமல் சும்மா வெடிப்பது, நாய் சாப்பிடும்போது பாத்திரத்தைத் தட்டிச் சத்தம் பழக்குவது எதுவும் வேண்டாம். பட்டாசு வெடிக்கும் நாட்களில் குட்டியை வீட்டுக்குள், ரேடியோ சத்தத்தோடு வையுங்கள்.

'நில்'

எட்டு, ஒன்பது மாதம் ஆகிவிட்டது. பறவை என்றால் பைத்தியம், வெடி என்றால் சந்தோஷம். இப்போது கட்டுப்பாடு தொடங்கலாம். இந்தப் பாடம் முழுக்கப் பறவை இல்லாத இடத்தில் நடக்க வேண்டும்.

இரண்டடி அகலம், நாலடி நீளம், தரையில் இருந்து ஒரு சாண் உயரம் உள்ள பலகை ஒன்று செய்துகொள்ளுங்கள். நாயை நடத்திவந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். 'நில்', ஒரே தடவை. பலகையின் அருமை என்னவென்றால், மேலே இருக்கிறோமா இறங்கிவிட்டோமா என்பது நாய்க்கே தெளிவாகத் தெரியும். இறங்கினால் கோபம் வேண்டாம், பேச்சும் வேண்டாம். தூக்கிப் பழைய இடத்திலேயே வையுங்கள். ஐந்து நொடி நின்றால், பக்கத்தில் போய்த் தலையைத் தொட்டு, நடத்திக்கொண்டு இறங்குங்கள்.

நிற்கும் நாயைத் தூரத்தில் இருந்து 'வா' என்று கூப்பிட்டு விடுவிக்காதீர்கள். இதைச் செய்தால் அதன் மனம் எப்போதும் அடுத்த அழைப்பில்தான் இருக்கும், பாதம் துடித்துக்கொண்டே நிற்கும். நீங்கள் திரும்பி வந்து தொட்டால்தான் விடுதலை என்றால் நிதானமாக நிற்கும்.

நேரத்தை நீட்டுங்கள், பிறகு தூரத்தை நீட்டுங்கள், இரண்டையும் ஒரே நாளில் நீட்டாதீர்கள். நாயைச் சுற்றி வாருங்கள். ஒரு மரத்துக்குப் பின்னால் மறையுங்கள். அதன் முன்னால் தொப்பியை வீசுங்கள். பலகையில் ஒரு நிமிடம் அசையாமல் நிற்கும்போது தரைக்கு மாற்றுங்கள். நடந்துகொண்டிருக்கும்போது 'நில்', பிறகு ஓடும்போது 'நில்'. கடைசியாகத் தொப்பிக்குப் பதில், பைக்குள் இருந்து ஒரு புறாவை எடுத்து அதன் கண்முன் பறக்கவிடுங்கள். அதற்கும் நின்றால் அடுத்த கட்டத்துக்குத் தயார். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் வீதம் ஆறு வாரம் ஆகலாம், பத்து வாரம் ஆகலாம். நாய் கொட்டாவி விட்டு, உதட்டை நக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டால் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். அழுத்தம் அதிகமாகிவிட்டது, சுலபமான ஒன்றைச் செய்யவைத்து முடித்துக்கொள்ளுங்கள்.

விசிலையும் இப்போதே சேர்க்கலாம். நீளமாக ஒன்று என்றால் நில், குறுகிய இரண்டு என்றால் திசை மாறு, படபடவென்று பல என்றால் வா. வேறு முறை வைத்தாலும் தவறில்லை, மாற்றாமல் இருந்தால் போதும்.

பறவையும் 'நில்'லும் சேரும் இடம்

மறுபடி லாஞ்சர், மறுபடி நீளக் கயிறு. நாய் தானாகப் பாயின்ட் பிடிக்கட்டும், அப்போது வாயைத் திறக்காதீர்கள். 'நில்' என்பது பாயின்டுக்கான கட்டளை இல்லை. பறவையைப் பற்றி முடிவெடுக்க வேண்டியது நாய்தான்.

நின்ற நாயை நெருங்கும்போது நேர்ப் பின்னால் இருந்து போகாதீர்கள். காலடிச் சத்தம் அதை முன்னால் தள்ளும், ஊர்ந்துவிடும். பக்கவாட்டில் அரைவட்டமாகச் சுற்றி, அது உங்களைப் பார்க்கும்படி முன்னால் வாருங்கள். புல்லை உதைத்துப் பறவையைத் தேடுவதுபோல் நடந்து, எழுப்புங்கள். இப்போது நாய் பாயும். அந்தக் கணத்தில்தான் 'நில்', கூடவே உதவியாள் கயிற்றை இறுக்குவார். ஆறு வாரம் பலகையில் பழகியது இந்த நொடிக்காகத்தான்.

பறந்து போகும் பறவையைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பழகிய பிறகு வெற்று வெடியைச் சேருங்கள். அது சரியான பிறகு உண்மையில் சுட்டு, பறவை விழட்டும். விழுவதைப் பார்த்தும் நிற்பதுதான் மிகக் கடினம். நாலு பறவையில் மூன்றை நீங்களே நடந்து போய் எடுங்கள், ஒன்றுக்கு மட்டும் நாயை அனுப்புங்கள். விழுந்ததெல்லாம் தன்னுடையது இல்லை என்று அதற்குப் புரிய வேண்டும்.

இவ்வளவு எல்லோருக்கும் தேவையா? தேவையில்லை என்பது என் கருத்து. போட்டிக்குப் போகிறவர்களுக்கு விழும் வரை நிற்பது கட்டாயம். தனியாக வேட்டைக்குப் போகிறவருக்கு, பறவை எழும் வரை நின்றால் நடைமுறையில் போதும். ஃபெசன்ட் காயத்தோடு ஓடக்கூடியது, விழுந்ததும் நாய் போய்ப் பிடித்தால் நல்லது என்று சொல்பவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எழும் வரை நிற்காத நாய் ஆபத்து. தாழப் பறக்கும் பறவையைப் பின்தொடர்ந்து குதிக்கும் நாய்மேல் குண்டு பட்ட சம்பவங்கள் எல்லா ஊரிலும் உண்டு.

இன்னொரு நாய் பாயின்ட் பிடித்தால் அதைப் பார்த்த மாத்திரத்தில் நிற்பதும் இதே பாடத்தின் தொடர்ச்சிதான். நாய் வடிவில் வெட்டிய அட்டையை ஒரு புதருக்குப் பக்கத்தில் நட்டு, அது கண்ணில் பட்டதும் 'நில்' சொல்லிப் பழக்குவார்கள். விரைவில் பிடித்துக்கொள்ளும்.

மின் கழுத்துப்பட்டை

ரிமோட்டை அழுத்தினால் நாயின் கழுத்தில் மின்னதிர்ச்சி தரும் பட்டை இது. கேட்காமல் விட மாட்டீர்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் சட்டம்: வேல்ஸில் 2010 முதல் தடை, ஜெர்மனியிலும் தடை. அனுமதி உள்ள இடத்திலும், நாய்க்கு ஏற்கெனவே தெரிந்த கட்டளையைத் தூரத்தில் இருந்து நினைவூட்டத்தான் அது பயன்படும், புதிதாகக் கற்றுத்தர இல்லை. காது லேசாக அசையும் அளவுக்குக் குறைந்த அழுத்தத்தில் வையுங்கள். கோபம் வந்தால் ரிமோட்டைப் பையில் போட்டுவிடுங்கள். பறவைக்குப் பக்கத்தில் நிற்கும் நாய்க்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். "வாசனை வந்தது, வலித்தது" என்று முடிச்சுப் போட்டுக்கொண்டால், அதற்குப் பிறகு பறவை இருக்கும் புதரை மூக்கு சொல்லியும் கண்டுகொள்ளாமல் சுற்றிப்போகும். இந்தக் கோளாறுக்கு வேட்டைக்காரர்கள் வைத்த பெயர் பிளிங்கிங். வந்துவிட்டால் சரிசெய்வது மிகவும் கடினம்.

எடுத்துவருவது

நடைபாதைக் காலுறையில் தொடங்கியதை இப்போது முடிக்க வேண்டும். துணி உருளை, பிறகு இறகு சுற்றிய உருளை, பிறகு உறையவைத்த புறா, பிறகு உடல் சூடு ஆறாத பறவை என்ற வரிசையில் போங்கள். உறைந்த பறவையைக் கடிக்க முடியாது, அதனால் மெதுவாகப் பிடிக்கும் பழக்கம் வரும். சில நாய்கள் பறவையை நசுக்கும். பெரும்பாலும் நாம் வாயில் இருந்து பிடுங்கியதன் விளைவு அது. நாய் பறவையோடு வரும்போது நீங்கள் எதிரே போகாதீர்கள். முதுகைக் காட்டி நடங்கள், அதுவே வேகமாக வந்து சேரும்.

கிளப்பும் நாய் வைத்திருப்பவர்களுக்கு

மேலே சொன்ன குட்டிப் பருவம், பறவை, வெடி எல்லாம் அப்படியே பொருந்தும். 'நில்' என்பதற்குப் பதில் 'உட்கார்'. பறவை எழுந்தால் உட்கார வேண்டும், விசில் கேட்டால் உட்கார வேண்டும். இதற்கு மேல் முக்கியமானது வலமிடமாகத் தேடுவது. நீங்கள் காற்றுக்கு எதிரே நேராக நடக்க, நாய் உங்கள் முன்னால் காரின் வைப்பர் மாதிரி இரு பக்கமும் போய்வர வேண்டும். இருபது மீட்டரைத் தாண்டும்போது இரட்டை விசில் ஊதி, நீங்கள் எதிர்ப்பக்கம் திரும்பி நடங்கள். இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி, மாறி மாறித் தின்பண்டம் கொடுத்தும் பழக்கலாம்.

முதல் சீசன்

முதல் சில நாட்கள் நீங்கள் துப்பாக்கி எடுக்காதீர்கள். நண்பர் சுடட்டும், நீங்கள் நாயை மட்டும் பாருங்கள். பறவை எழுந்ததும் கண் மேலே போய்விடும், நாய் என்ன செய்தது என்று தெரியாமலே போய்விடும்.

ஒரே விதி: நாய் நின்று காட்டிய பறவையை மட்டும் சுடுங்கள். நாய் நிற்காமல் இடித்துக் கிளப்பிய பறவை எவ்வளவு அழகாக, எவ்வளவு சுலபமாகப் பறந்தாலும் துப்பாக்கி கீழேயே இருக்கட்டும். கஷ்டம்தான். நாள் முழுக்க நடந்து பை காலியாக இருக்கும்போது ஒரு சேவல் ஃபெசன்ட் பதினைந்து மீட்டரில் எழுந்தால் கை தானாகப் போகும். அந்த ஒரு குண்டு, இடித்தாலும் பரிசு உண்டு என்று நாய்க்குச் சொல்லிவிடும். பையில் ஒரு பறவை கூடும், லாஞ்சரோடு கழிந்த இரண்டு மாதம் வீணாகும்.

நாய்க்கும் உங்களுக்கும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற மேல்சட்டை. அடர்ந்த புதரில் தேடும் நாய்க்கு ஒரு மணியோ ஜிபிஎஸ் பட்டையோ. மணிச் சத்தம் நின்றால் பாயின்ட் என்று அர்த்தம், மணியில் எனக்குப் பிடித்ததே அந்த மௌனம்தான்.

சீசன் தொடக்கத்தில் வெயில் இருக்கும், அதுதான் நாய்களைக் கொல்கிறது. அவற்றுக்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். உயரப் புல்லுக்குள் காற்றும் இருக்காது. சாதாரண உடல்வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ், 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நாக்கு கரண்டி போல் அகன்று தொங்கினால், கால் தடுமாறினால், கூப்பிட்டும் கவனிக்காமல் வெறித்துப் பார்த்தால் வேட்டை அத்தோடு முடிந்தது. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, ஊற்றிக்கொண்டே மருத்துவரிடம் கிளம்புங்கள். அந்த நிலைக்குப் போகாமல் இருக்கக் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். நல்ல வேட்டை நாய் தானாக நிற்காது, நிறுத்த வேண்டியது நீங்கள்தான். முழுச் சாப்பாட்டை முந்தின இரவே கொடுத்துவிடுங்கள். வயிறு நிறைந்த நாய் உடனே ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. இடையில் களைத்தால் ஒரு கைப்பிடி தின்பண்டம் போதும்.

சாயங்காலம் வண்டியின் பின்கதவைத் திறந்து, நாயை அதன்மேல் ஏற்றி நிறுத்தி, விளக்கு வெளிச்சத்தில் மூக்கில் இருந்து வால் வரை விரலால் தடவிப் பாருங்கள். காது மடலுக்குள், கண் இமைக்கு அடியில், அக்குளில், ஒவ்வொரு விரலிடுக்கிலும். உண்ணி, முள், கம்பி வேலிக் கீறல் எல்லாம் கைக்குத் தட்டுப்படும். தேட வேண்டியது புல்விதை. ஒரு முனை ஊசி மாதிரி, மறுமுனை கொக்கி மாதிரி இருக்கும், தோலுக்குள் புகுந்தால் முன்னால் மட்டும்தான் போகும். இரண்டு நாள் கழித்து நாய் ஒரு பக்கமாகத் தலையை உதறிக்கொண்டே இருந்தாலோ, ஒரே பாதத்தை நக்கிக்கொண்டே இருந்தாலோ அதுதான். அப்போது கிளறிப் பார்க்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.